மாரிக் கூதலில் மேசை வேலை

வருடத்தின் பெரும் பகுதி மட்டக்களப்பில் மேசை வேலைக்கு எதிரி வெக்கைதான். முழங்கை பட்ட இடமெல்லாம் வேர்வை. கடதாசி கையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஃபேன் இல்லாமல் ஒரு பக்கம் எழுத முடியாது. கார்த்திகை பிறந்து வாடை பிடித்ததும் கதை மாறிவிடுகிறது. அதே ஆள், அதே கதிரையில், விடிகாலை ஆறு மணிக்குத் துவாயைத் தோளில் போர்த்திக்கொண்டு, கால் இரண்டையும் கதிரைமேல் தூக்கிவைத்து லப்டொப்பைத் தட்டிக்கொண்டிருப்பார். கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பவராக இருக்கலாம். விடைத்தாள் திருத்தும் ஆசிரியையாக இருக்கலாம். லண்டன் நேரத்துக்கு வேலை செய்பவராகவும் இருக்கலாம்: அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை, கூதல் இறங்கிவிட்ட நேரம்.

இப்படி வீட்டு மேசையில் வேலை பார்க்கும் பழக்கம் இங்கே பரவலாகி அதிக காலம் ஆகவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு பலரை வீட்டுக்குள் இருத்தியது. 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாடு அரச ஊழியரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யவைத்தது. அலுவலகத்தில் மேசையை எங்கே போடுவது, ஃபேனை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் வேறு யாராவது தீர்மானித்துவைத்திருப்பார்கள். வீட்டில் அந்த யோசனையும் வேலை செய்பவர் தலையில்தான் விழுகிறது. பெரும்பாலானோர் மேசையை எங்கே பிளக் பொயின்ற் இருக்கிறதோ அங்கே போட்டுவிட்டு, மாரி முழுக்கக் கூதலோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

"மட்டக்களப்பில் கூதலா?" என்று நுவரெலியாக்காரர் சிரிப்பார். வெப்பமானியும் அவர் பக்கம்தான் நிற்கும். டிசம்பர், ஜனவரி விடிகாலைகளில் இங்கே வெப்பநிலை சராசரியாக 23 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். குளிர் காலத்தில் வீட்டின் உள்வெப்பநிலை 18 பாகைக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டு வழிகாட்டியின் பரிந்துரை. அந்தக் கணக்கில் மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு வீட்டுக்கும் சூடு தேவையில்லை.

ஆனால் உடம்பு அந்தக் கணக்கை ஏற்பதில்லை. அதற்கு நியாயமும் உண்டு. ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் என்ற இரு ஆய்வாளர்கள் உலகின் பல நாட்டுக் கட்டடங்களில் எடுத்த அளவீடுகளைத் திரட்டி, 1998இல் ஒரு விடயத்தைக் காட்டினார்கள். யன்னலைத் திறந்து வாழும் வீடுகளில், மனிதருக்கு இதமாக இருக்கும் வெப்பநிலை வெளியே உள்ள காலநிலையோடு ஏறி இறங்குகிறது. அவர்களுடைய சூத்திரத்தை மட்டக்களப்பு மார்கழிக்குப் போட்டால் இதமான அளவு 26 பாகையை ஒட்டி வரும். அதிலிருந்து மூன்றரைப் பாகை வரை இறங்கினாலும் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள். விடிகாலை 23 பாகை அந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் இருக்கிறது. அந்த நேரம் மெல்லிய ஃபேன் காற்று உடம்பில் பட்டால், உடம்புக்கு அது 20 பாகைபோலத் தெரியும். அறைக்குள் வெப்பநிலை ஒரு பாகைகூட இறங்கியிருக்காது.

இங்கத்தைய கூதலைக் காற்று, ஈரம், தரை என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். வெப்பமானி இவை மூன்றையும் காட்டாது. ஆகவே ஹீற்றர் வாங்க முன்னர் இந்த மூன்றையும் பார்ப்பது காசுக்கும் நல்லது.

காற்றும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில், வடக்கு கிழக்கில் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. கடும் குளிரே காரணம் என்று அரச தரப்பு சொன்னது. வெப்பமானி பூச்சியத்தை எட்டியும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பிராணிகள் வெட்டவெளியில், மழையில் தோல் ஊற, பலத்த காற்றில் இரவைக் கழித்தவை. வீட்டுக்குள் இருக்கும் மனிதருக்கு அப்படி ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் உடம்பிலிருந்து சூட்டைப் பறிக்கும் வழி இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

கூதல் வேலையைக் கெடுக்கும் என்பதற்குப் பலரும் சொல்லும் ஆய்வு கோர்னெல் பல்கலைக்கழகத்தின் அலன் ஹெட்ஜ் 2004இல் வெளியிட்டது. புளோரிடாவில் ஒரு காப்புறுதி அலுவலகம். அறையின் வெப்பநிலையை 20 பாகையிலிருந்து 25க்கு உயர்த்தியபோது தட்டச்சுப் பிழைகள் 44 சதவீதம் குறைந்தன, தட்டச்சு வேலையின் அளவு 150 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான், அந்த எண்களை அப்படியே நம்பி வீட்டில் சம்பளக் கணக்குப் போட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: புளோரிடாவும் மட்டக்களப்பைப் போல வெக்கை ஊர். அங்கே உள்ளவர்களுக்கு ஏசி தந்த 20 பாகையே விரலை மந்தமாக்கப் போதுமாக இருந்தது.

முதலில் காற்று

வாவிப் பகுதியில் காற்று எந்தப் பக்கமாக வருகிறது என்பது வீடு எந்தக் கரையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எழுவான்கரையில், ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் பட்டியில், வடகீழ்க் காற்று கடலிலிருந்து நேரே வாசலுக்கு வரும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீடுகளுக்கு அதே காற்று வாவித் தண்ணீருக்கு மேலாக வரும். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியில் காற்றைத் தடுக்க மரம் ஏது?

அதனால் மேசைக்கு மாரியில் ஒரு இடம், மற்றக் காலத்தில் இன்னொரு இடம் என்று வைத்துக்கொள்வதே சரி. மாரியில் வடக்கு, கிழக்கு யன்னல்களை விட்டு விலகி, வீட்டின் தெற்கு அல்லது தென்மேற்கு அறைக்குப் போகவேண்டும். இதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஏழே முக்கால் பாகையில் இருக்கிறது. மார்கழி நடுவில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்காது. 31 பாகை தெற்கே சரிந்து நிற்கும். மழை விட்டு வெயில் எறிக்கும் இரண்டு மணித்தியாலத்தையும் தெற்கு யன்னல்தான் உள்ளே விடும். ஆனி மாதத்தில் அதே சூரியன் வடக்கே போய்விடும், கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும், அப்போது மேசையைத் திரும்பவும் பழைய இடத்துக்கு இழுக்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை மேசை தள்ளுவது பெரிய வேலை இல்லை. எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றுதான் தேவைப்படும்.

அறை மாற வழியில்லாதவர் யன்னலுக்கு முதுகு காட்டி இருப்பதைத் தவிர்க்கவேண்டும். கழுத்தில் படும் காற்றுத்தான் மிகவும் தொந்தரவு தருவது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகவும் சுவரின் பூக்கல்லுகள் வழியாகவும் காற்று இறங்கும். சிலர் எல்லாவற்றையும் பொலித்தீனால் அடைத்துவிடுகிறார்கள். அது தப்பு. மாரியில் இங்கே காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். அடைத்த அறையில் ஒரு கிழமைக்குள் புத்தக அட்டையில் பூஞ்சணம் பூத்துவிடும். காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் காட்போட் மட்டை வைத்து மறைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விட்டால் அறை மூச்சுவிடும். ஆள் மேல் காற்றுப் படாது.

இனி ஃபேன். கூதலிலும் மட்டக்களப்பு வீடுகளில் ஃபேன் ஓடுவதற்குக் காரணம் நுளம்பு. மாரிதான் இங்கே டெங்குக் காலம், டெங்கு நுளம்பு கடிப்பதும் பகலில், அதுவும் மேசைக்குக் கீழே இருட்டில் கிடக்கும் காலைத் தேடித்தான். ஃபேனை நிறுத்தினால் நுளம்பு, போட்டால் கூதல் என்ற இந்த இழுபறிக்கு மலிவான தீர்வு முழுக்காற்சட்டையும் தடித்த காலுறையும். இரண்டு வேலையையும் அவை ஒன்றாகச் செய்யும். யன்னலுக்கு நுளம்பு வலை அடித்துவிட்டால் ஃபேனுக்கு முழு விடுமுறையே கொடுக்கலாம்.

ஈரத் தலையின் கணக்கு

காலையில் கிணற்றடியில் முழுகிவிட்டு வந்து, ஈரக் கூந்தலோடு ஃபேனுக்குக் கீழே இருந்து எட்டு மணி வேலையைத் தொடங்குவது பல பெண்களின் வழக்கம். நேரம் மிச்சம்; தலையும் காயும். ஆனால் கூதலுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேறு இல்லை.

கிணற்றுத் தண்ணீர் ஏமாற்றும். நிலத்தடி நீர் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நிற்பதால், மார்கழி விடியலில் அது வெளிக் காற்றைவிடச் சூடாக இருக்கும். குளிக்கும்போது இதம், துவட்டும்போதுதான் பல் கிட்டும். அதன் பிறகு தலையில் தங்கும் தண்ணீரைப் பார்ப்போம். நீண்ட கூந்தலில் 100 கிராம் தண்ணீர் தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அது ஆவியாகிப் போக ஏறத்தாழ 240 கிலோயூல் சூடு வேண்டும். சும்மா இருந்து வேலை செய்யும் ஒருவருடைய உடம்பு வெளியேற்றும் சூடு சுமார் 100 வோற், அதாவது பழைய மஞ்சள் குமிழ் ஒன்றின் அளவு. இரண்டையும் வகுத்தால், உடம்பு நாற்பது நிமிடம் உண்டாக்கும் சூடு முழுவதற்கும் சமமான அளவைக் கூந்தலின் ஈரம் கேட்கிறது. அத்தனையும் தலையிலிருந்து போகாது, சுற்றியுள்ள காற்றும் ஒரு பங்கைக் கொடுக்கும். ஆனாலும் விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

முழுகுவதை மத்தியானத்துக்கு மாற்றலாம். முடியாவிட்டால் பருத்தித் துவாயை இறுகச் சுற்றி, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் காய்ந்த துவாயாக மாற்றித் தண்ணீரை உறிஞ்ச விடவேண்டும். துணியால் எடுத்த தண்ணீர் தலையின் சூட்டைக் கேட்காது.

உடுப்பிலும் இதே கதைதான். மாரியில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் முழுதாகக் காயாது. கையில் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உடுத்தால் குளிரும். காலையில் உடுக்கப் போகும் சேர்ட்டுக்கு முதல் நாள் இரவே அயன் போட்டு வைத்தால் பிடித்திருக்கும் ஈரம் போய்விடும். ரொரன்ரோவில் இருந்து சொந்தக்காரர் அனுப்பிய பஞ்சு ஜக்கெற் அலமாரியில் கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு தட்டச்சுச் செய்தால் அரைமணியில் வேர்த்து, உள்ளே நனைந்து, பிறகு கழற்றும்போது இரட்டிப்பாகக் கூதலடிக்கும். பெனியன், அதன் மேல் நீளக் கை சேர்ட், தேவைப்பட்டால் ஒரு மெல்லிய சுவெற்றர் என்று அடுக்கிப் போட்டுக் கழற்றுவதே இந்த ஊருக்குத் தோது. மடிக்குச் சாரம் ஒன்று போதும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை இரண்டாக மடித்து இடுப்பிலிருந்து பாதம் வரை போர்த்தினால் கம்பளி தேவைப்படாது.

தரையும் காலும்

"புள்ள, வெறுந்தரையில காலை வைக்காம அந்தப் பாயை இழுத்துப் போடு." மார்கழியில் இதைச் சொல்லாத தாய் இந்தப் பக்கத்தில் இல்லை. ரைல்ஸ் பதித்த வீடுகள் பெருகிய பிறகு இந்தப் பேச்சுக்குத் தேவையும் கூடியிருக்கிறது.

சீமெந்துத் தரையும் அதன் மேல் விரித்த பாயும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் சீமெந்தும் ரைல்ஸும் பாதத்தின் சூட்டை வேகமாக உறிஞ்சி நிலத்துக்குக் கடத்தும். பாயின் புல்லுக்குள்ளும் இழைகளுக்கு இடையிலும் அடைபட்டிருக்கும் காற்று அப்படிக் கடத்தாது. வாவிக் கரையோரப் பன்புல்லில் இழைத்த பாய் இதற்கு மிகப் பொருத்தம்: நாலாக மடித்துப் போட்டால் ஒரு விரல் தடிப்புக்கு வந்துவிடும். பாய் கிடைக்காத இடத்தில் அரிசிச் சாக்கு, பழைய காட்போட் பெட்டி, எது என்றாலும் வேலை செய்யும். காலை உயர்த்தி வைக்க ஒரு பலகைக் கட்டை இன்னும் நல்லது. குளிர்ந்த காற்று தரையை ஒட்டியே கிடக்கும் என்பதால் அரை அடி உயரமே வித்தியாசம் காட்டும்.

கதிரையையும் மறக்கக் கூடாது. துளை வைத்த பிளாஸ்டிக் கதிரை வெக்கைக்கென்று செய்தது. மாரியில் அடியிலிருந்து காற்று ஏறும். ஒரு மடித்த போர்வை அதைச் சரிசெய்துவிடும். கண்ணாடி போட்ட மேசையில் முன்கை நாள் முழுக்கப் படுவதானால் மேலே ஒரு துணி விரிப்பு வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கால் குளிர்ந்தால் சுடுதண்ணீர்ப் பை வாங்கலாம். பாமசியில் விற்கும் ரப்பர்ப் பையில் ஒரு லீற்றர் 60 பாகைத் தண்ணீர் ஊற்றித் துவாயில் சுற்றிப் பாதத்துக்குக் கீழே வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சூடு நிற்கும். அந்த லீற்றரைக் கேத்தலில் சுடவைக்க 0.04 அலகு மின்சாரம்; வீணாகிப் போவதையும் சேர்த்தால் 0.05. ஆயிரம் வோற் ஹீற்றர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு முழு அலகு. ஹீற்றருக்கு ஒரு மணித்தியாலத்தில் செலவாகும் மின்சாரத்தில் இருபது பை நிரப்பலாம். மின்கட்டணம் 60 அலகு, 90 அலகு என்று படி ஏற ஏற ஒவ்வொரு அலகின் விலையும் கூடும் நாட்டில் இது சின்னக் கணக்கு இல்லை. ஜப்பானியர் தாழ்ந்த மேசைக்கு மேலே பஞ்சுப் போர்வை விரித்து அடியில் சூடேற்றி அதற்குள் காலை நீட்டிக்கொள்வார்கள், அதற்குக் கொதாத்சு என்று பெயர். மேசை விளிம்பிலிருந்து ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டுச் சுடுதண்ணீர்ப் பையை உள்ளே வைத்தால் அதே வித்தை இங்கேயும் பலிக்கும். சோடாப் போத்தலில் மட்டும் கொதிநீர் ஊற்ற வேண்டாம், சுருங்கி ஒழுகும். நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு இந்தப் பை ஆபத்து. சுடுவது தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். அவர்களுக்குக் காலுறையும் பாயும் போதும்.

சிரட்டைக் கரிச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்துவது மட்டும் கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, அசதி என்று தொடங்கி ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். வெள்ளம் ஏறும் வளவுகளில் இன்னொரு எச்சரிக்கை: மேசைக்குக் கீழே தரையில் கிடக்கும் பிளக் பலகையைச் சுவரில் உயர்த்தி அடிக்கவேண்டும், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும்.

அசையாமல் இருப்பதும் கூதல்தான். எழுந்து நடக்கும்போது உடம்பு உண்டாக்கும் சூடு இருந்த நிலையில் உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். முக்கால் மணிக்கு ஒரு தரம் குசினி வரை போய்வர இஞ்சிப் பிளேன்ரீ நல்ல சாட்டு. ரீயில் உள்ள சூடு உடம்புக்குச் சில நிமிடத்துக்குத்தான் காணும். கோப்பையைப் பிடித்த விரலுக்குக் கிடைக்கும் சூடும் அந்த நடையும்தான் உண்மையான லாபம். கொத்தமல்லித் தண்ணீருக்கும் இதே கணக்கு. சாராயம் எதிர்வேலை செய்யும்: தோலுக்கு இரத்தம் ஓடுவதால் சூடு ஏறியதுபோலத் தோன்றும், உள்ளே உள்ள சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் இவையெல்லாம் பொருந்தும், அதுவும் உயர்தரப் பரீட்சை மாரியில் வரும் வருடங்களில். 2024இல் நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சை மழை வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் நடந்தது. அப்படியான நாட்களில் புத்தகத்தோடு வீட்டில் இருக்கும் பிள்ளையை, விடியப் புறம் நாலு மணிக்கு எழுப்பிப் படிக்கவைப்பதைவிட ஆறு மணி வரை தூங்கவிட்டுப் பிட்டுச் சாப்பிடவைத்துப் படிக்கவைப்பது நல்லது. பசித்த வயிறு கூதலைத் தாங்காது.

பாய், சாரம், பை எல்லாம் இருந்தும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் எப்போதும் கை கால் சில்லிட்டுக் கிடந்தால் அதை வாடையின் தலையில் போடக் கூடாது. இரத்தச் சோகையும் தைரொயிட் சுரப்புக் குறைவும் இப்படித்தான் காட்டும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். திடீரென்று நடுக்கத்தோடு கூதல் வந்தால் முதலில் வெப்பமானியை நாக்கின் கீழ் வைக்கவேண்டும். காய்ச்சல் இருந்தால் இந்த மாதங்களில் டெங்கும், வயல் தண்ணீரில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சலும் நினைவில் இருக்கட்டும். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் எடுக்காமல், மூன்றாம் நாளுக்குள் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கக் கொடுத்துவிடவேண்டும்.